மடை அடைபட்டதா? வயலைப் பாருங்கள்!



எங்க காமயகவுண்டன்பட்டி, முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரால் வாழும் கம்பம் பள்ளத்தாக்கு ஊர். ‘ஷட்டரை இறக்கியாச்சு’ என்று யாராவது சொன்னால் எங்க ஊர் விவசாயி லேசில் நம்பமாட்டார். வயலுக்கே போய்த் தண்ணீர் நின்றதா என்று பார்ப்பார். உயிரியலிலும் இந்த வழக்கம் உண்டு. ‘இன்ஜினியருக்கு எலியோடு என்னப்பா வேலை?’ என்று கேட்காதீர்கள். சோதித்த பிறகே ஒப்புக்கொள்வது நம்ம தொழிலும்தானே!

ஒரு மரபணுவை முடக்கிய சுண்டெலிக்கு ‘நாக்-அவுட் எலி’ என்று பெயர். 1989-இல் இவ்வகை எலிகள் முதன்முதலாக உருவாயின. இதற்கு வழிவகுத்த கபெக்கி, இவான்ஸ், ஸ்மித்தீஸ் மூவரும் 2007-இல் நோபல் பரிசு பெற்றனர்.

டி.என்.ஏ.வை வெட்டுவது ஷட்டரை இறக்குவது மாதிரி. அந்த மரபணு தயாரிக்கும் புரதம்தான் தண்ணீர். அது நின்றதா என்று பார்க்கும் முறை 1979-இலேயே தயாராகிவிட்டது. அதை சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் டௌபின் குழுவினரும், அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் ஸ்டார்க் குழுவினரும் வெளியிட்டனர். டி.என்.ஏ.வுக்கான முறையை 1975-இல் கண்டவர் பெயர் சதர்ன், அதாவது தெற்கு. அதையொட்டி ஆர்.என்.ஏ. முறை ‘நார்தர்ன்’ ஆனது. 1981-இல் சியாட்டிலில் பர்னெட் என்பவர் புரத முறைக்கு ‘வெஸ்டர்ன் பிளாட்’ என்று வேடிக்கையாகப் பெயர் சூட்டினார்.

செய்முறை எளிது. திசுவிலிருந்து எடுத்த புரதங்களை ஜெல்லில் மின்சாரம் செலுத்தி அளவுவாரியாகப் பிரிக்க வேண்டும். பிறகு மெல்லிய சவ்வுக்கு மாற்றி, குறிப்பிட்ட புரதத்தை மட்டும் பற்றும் ஆன்டிபாடியை விட வேண்டும். சாதாரண எலியில் கோடு தெரியும், நாக்-அவுட் எலியில் தெரியக்கூடாது. இரண்டிலும் சம அளவு சரக்கு ஏற்றினோமா என்று காட்ட ஆக்டின் போன்ற பொதுப் புரதத்தையும் சேர்த்துப் பார்ப்பார்கள்.

இதில் என்ன பெரிய விஷயம்? சூரிச்சில் வைஸ்மன் குழுவினர் 1992-இல் பிரியான் புரதமே இல்லாத எலிகளை உருவாக்கினர். 1993-இல் அவற்றுக்கு ஸ்கிரேப்பி என்ற மூளைநோய்க் கிருமியைச் செலுத்தியும் நோய் வரவில்லை. புரதம் அறவே இல்லை என்பது உறுதியானால்தானே அந்த முடிவு நிற்கும்!

இன்று கிரிஸ்பர் முறையில் வெட்டுவது சுலபம். ஆனால் 2019-இல் வெளியான ஓர் ஆய்வு, மரபணு வெட்டப்பட்ட மனித செல் வகைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒன்றில் புரதம் மிச்சமிருந்ததைக் கண்டது. ஷட்டர் இறங்கியும் தண்ணீர் கசிந்திருக்கிறது!

இன்னொன்றும் உண்டு. புரதமே இல்லாத எலியிலும் கோடு விழுந்தால், கோளாறு ஆன்டிபாடியில் இருக்கலாம். ஆக, ஆன்டிபாடி எலியைச் சோதிக்கிறது, எலி ஆன்டிபாடியைச் சோதிக்கிறது.

தம்பி தங்கையரே, எந்தத் துறைக்குப் போனாலும் ‘செஞ்சாச்சு’ என்ற சொல்லோடு நிற்காதீர்கள். வயல்வரை நடந்து பாருங்கள்!