'ரிசைன் பண்ணிடுங்க' என்று ஹெச்.ஆர். சொன்னால்? நீங்கள் கேட்க வேண்டியது என்ன?

பெங்களூரு அடுகோடியில், ஓசூர் சாலையை ஒட்டியுள்ள பாஷ் வளாகத்தைப் பார்த்திருப்பீர்கள். 1951-ல் 'மைக்கோ' என்று தொடங்கிய நிறுவனம், 2008-ல்தான் பாஷ் லிமிடெட் ஆனது. (மைக்கோ லேஅவுட்டில் ரூம் எடுத்தவர்களுக்கு அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிந்திருக்கும்.) ஸ்பார்க் பிளக் செய்த அந்த இடத்தில், 2022 ஜூனில் 'ஸ்பார்க் நெக்ஸ்ட்' என்ற தொழில்நுட்ப வளாகம் திறக்கப்பட்டது.

பெங்களூருவின் கதையே இதுதான்: தொழிற்சாலை இருந்த இடத்தில் சாஃப்ட்வேர். ஆனால், ஆட்களை வேலைக்கு எடுப்பது, நடத்துவது, அனுப்புவது என்ற ஹெச்.ஆர். விதிகள் இரண்டுக்கும் ஒன்றல்ல.

தொழிற்சாலைகளுக்கு 1946-ம் ஆண்டு சட்டம் 'நிலையாணை'களைக் கட்டாயமாக்கியது. வேலை நேரம், விடுப்பு, எது ஒழுங்கீனம், நீக்கும் முன் எப்படி விசாரிப்பது எல்லாம் அதில் இருக்கும். நிர்வாகம் எழுதினால் மட்டும் போதாது. தொழிலாளர் தரப்பைக் கேட்டு, அரசு அதிகாரி சான்றளிக்க வேண்டும். வாசலருகே, ஆங்கிலத்திலும் பெரும்பாலான தொழிலாளர்களுக்குப் புரியும் மொழியிலும் ஒட்டவும் வேண்டும்.

ஐ.டி. நிறுவனங்களுக்கு இந்தச் சட்டத்திலிருந்து கர்நாடகா விலக்கு கொடுத்தது. 2024 ஜூனில் மேலும் 5 ஆண்டுகளுக்கு நீட்டித்தபோது 4 நிபந்தனைகள் இருந்தன: பாலியல் துன்புறுத்தல் புகார்களுக்கு உள்ளகக் குழு, நிர்வாகமும் ஊழியர்களும் சம எண்ணிக்கையில் இருக்கும் குறைதீர் குழு, சஸ்பெண்ட், பதவியிறக்கம், பணிநீக்கம் செய்தால் தொழிலாளர் துறைக்குத் தகவல், பணி நிபந்தனைகள் பற்றி அரசு கேட்டால் உடனே விவரம்.

மூன்றாவது நிபந்தனையைக் கவனியுங்கள். 'டெர்மினேட்' செய்தால் அரசுக்குச் சொல்ல வேண்டும். நீங்களாக 'ரிசைன்' செய்தால்? அந்தப் பட்டியலில் அது இல்லை. திடீரென மீட்டிங்குக்குக் கூப்பிட்டு, "நீங்களே பேப்பர் போட்டுடுங்க, அடுத்த கம்பெனில பிரச்னை வராது" என்று கனிவாகச் சொல்வதை இந்த வெளிச்சத்தில் பாருங்கள். அன்றே கையெழுத்துப் போட வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. காரணத்தை மெயிலில் கேளுங்கள். வாய்மொழியாகச் சொன்னதை, "இன்று இப்படிச் சொன்னீர்கள்" என்று நீங்களே மெயில் போட்டுப் பதிவு செய்யுங்கள். லேப்டாப்பைத் திருப்பிக் கொடுக்கும் முன் ஆஃபர் லெட்டர், பே ஸ்லிப், அப்ரைசல் நகல்களைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஹெச்.ஆர். நல்லவரா கெட்டவரா என்பதல்ல விஷயம். சம்பளம் கொடுக்கும் நிறுவனத்தின் பிரதிநிதி அவர், அவ்வளவுதான். உங்கள் தரப்புக்கும் இடமிருப்பது குறைதீர் குழுவில். உங்கள் ஆபீஸில் அதில் யார் இருக்கிறார்கள் என்று தெரியுமா?

2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளிலும், 20 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்கள் உள்ள இடங்களில் இந்தக் குழு கட்டாயம். நியமனக் கடிதம் எல்லோருக்கும் தர வேண்டும். நீக்கினாலும் சரி, ரிசைன் செய்தாலும் சரி, சம்பள பாக்கியை 2 வேலை நாட்களில் கொடுத்தாக வேண்டும். "செட்டில்மென்ட்டுக்கு 45 நாள் ஆகும்" என்று யாராவது சொன்னால், எந்த விதிப்படி என்று கேளுங்கள்.