குறோட்டனுக்குப் பெயர் வந்த வரலாறு

வீட்டு முற்றத்திலே, நட்டவர் யாரென்று எவருக்கும் நினைவில்லாத செடியொன்று நிற்பதுண்டு. பச்சையும் மஞ்சளும் சிவப்பும் கலந்த இலைகள். ஒரு வீட்டில் அவ்விலை மாவிலைபோல் அகன்றிருக்கும். அயல் வீட்டிலோ நாடாபோல் ஒடுங்கி முறுகியிருக்கும். இவை இரண்டும் ஒரே இனமென்று முதற்பார்வையில் நம்புவது அரிது. பெயரைக் கேட்டால் "குறோட்டன்" என்ற விடை உடனே கிடைக்கும். அவ்விடையோ தாவரநூலார் நெடுநாளைக்கு முன்பே பிழையென்று தள்ளியது.

இச்செடியை முதன்முதலில் விரிவாக எழுதிவைத்த ஐரோப்பியருள் முதன்மையானவர் ரம்பியஸ். 1627இல் யேர்மன் நாட்டிற் பிறந்து, ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கும்பனியின் ஊழியராய் மலுக்குத் தீவுகளைச் சேர்ந்த அம்போனில் வாழ்ந்தவர். 1670இல் அவர் பார்வை அவிந்தது. 1674இல் நேர்ந்த நிலநடுக்கத்தில் மனைவியையும் மகளையும் இழந்தார். எஞ்சிய கண் பிறருடையதே. எழுத்தர் எழுத, மகன் படம் வரைய, நூல் வளர்ந்தது. 1687இல் மூண்ட தீ அப்படங்களை உண்டது. மீண்டும் தொடங்கினார். 1692இல் கையெழுத்துப் படியை ஏற்றிச்சென்ற கப்பலைப் பிரெஞ்சுக்காரர் மூழ்கடித்தனர். பத்தாவியாவில் ஆளுநர் நாயகமாயிருந்தவர் முன்னரே ஒரு படியெடுத்து வைத்திருந்தமையால் நூல் பிழைத்தது. 1702இல் ரம்பியஸ் இறக்கும்வரை அது அச்சேறவில்லை. 1741இலேயே அம்ஸ்டர்டாமில் யொகானஸ் பர்மன் அதனை வெளியிடத் தொடங்கினார். இலங்கைத் தாவரங்களைப்பற்றி 1737இல் நூல் வெளியிட்டவரும் இப்பர்மனே.

அந்நூலில் இச்செடிக்கு ரம்பியஸ் தந்த பெயர் 'கொடியேயம்'. அத்தீவுகளில் வழங்கிய 'கொடிகோ' என்னும் சொல்லிலிருந்து எடுத்தது. ஆனால் 1753இல் சுவீடன் நாட்டு லின்னேயஸ், கேசரங்களின் எண்ணிக்கை, இணைப்பு ஆகியவற்றைக்கொண்டு செடிகளை வகுத்தவர், இதனை 'குறோட்டன்' என்னும் சாதியிற் சேர்த்துவிட்டார். அச்சொல் கிரேக்கத்தில் உண்ணியைக் குறிப்பது. விதை உண்ணியை ஒத்திருப்பதாற் பெற்ற பெயர். நமது வைத்தியர்கள் அஞ்சிக் கையாளும் நேர்வாளம் அச்சாதியையே சேர்ந்தது. முற்றத்துச் செடியும் நேர்வாளமும் ஆமணக்குக் குடும்பத்து உறவினரே. எனினும் ஒரே சாதியினரல்லர்.

வேற்றுமையை இலையின் நிறத்திலே தேடுவோர் ஏமாறுவர். நட்சத்திர வடிவான நுண்மயிர்கள் மெய்க்குறோட்டன்களிற் காணப்படும். நமது செடியின் இலையோ வழுவழுப்பானது. ஆண் பூவும் பெண் பூவும் வெவ்வேறு கொத்துகளிற் பூக்கும். ஆண் பூ பல கேசரங்களுடைய சிறு வெண்பூ. பெண் பூவுக்கு இதழே இல்லை. இலையழகில் மயங்கியவர் கண்ணுக்கு இச்சிறு பூக்கள் எளிதிற் படா.

1824இல் அட்ரியென் த ஜுசியூ என்னும் பிரெஞ்சு அறிஞர் இதனைத் தனிச்சாதியாகப் பிரித்து, ரம்பியஸின் பெயரையே மீட்டளித்தார். அன்றுமுதல் நூல்களில் இது 'கொடியேயம் வாரியகாட்டம்'. நாற்று விற்போரோ இன்றும் குறோட்டனென்றே கூவி விற்கின்றனர்.