80 நாள் கணக்கு: பேறுகால விடுப்பு நமக்கு வந்த வழி

எட்டயபுரம் என்றவுடன் நம் நினைவுக்கு வருபவை உமறுப்புலவரின் அடக்கத்தலமும் பாரதி பிறந்த வீடும்தான். ஆயினும் அவ்வூர்ப் பிள்ளைகள் பிழைப்புத் தேடிச் செல்லும் சாலைகள் தெற்கே தூத்துக்குடிக்கும் மேற்கே கோவில்பட்டிக்கும் போகின்றன. அங்கே புதிதாக வேலைக்குச் சேர்ந்த நம் வீட்டுப் பெண், தான் கருவுற்றிருப்பதை நிர்வாகத்திடம் சொல்லத் தயங்குகிறாள். "இப்போதுதானே சேர்ந்தாய்?" என்ற ஒரு சொல்லுக்கு அஞ்சி, கேட்காமலேயே வேலையை விட்டுவிடுவோரும் உண்டு. கேட்டுப் பெற்றவர்களின் வரலாறு நம் அருகிலேயே இருப்பதை நாம் மறந்துவிட்டோம்.

1908 பிப்ரவரி 27 அன்று தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். வ.உ.சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களோடு நின்றனர். கூலி உயர்வு மட்டும் அவர்கள் கோரிக்கை அன்று. வார ஓய்வும் பிற விடுமுறைகளும் வேண்டும் என்றனர். மார்ச் மாதத் தொடக்கத்தில் நிர்வாகம் இறங்கி வந்தது. விடுப்பு என்பது முதலாளியின் தயவு அன்று, பேசிப் பெறத்தக்கது என்பதை இக்கரையோரம் அன்றே காட்டிவிட்டது. ஆனால் பிரசவத்துக்கென ஒரு சட்டம் வர மேலும் கால் நூற்றாண்டு ஆயிற்று.

1919இல் வாஷிங்டனில் கூடிய பன்னாட்டுத் தொழிலாளர் மாநாடு பேறுகாலப் பாதுகாப்புக்கு ஓர் உடன்படிக்கை வகுத்தது. அதன் வழியில் என்.எம்.ஜோஷி 1924இல் மத்தியச் சட்டமன்றத்தில் கொண்டுவந்த மசோதா தோற்றது. பம்பாய்ச் சட்டமன்றத்தில் 1928இல் இத்தகைய மசோதா வந்தபோது அம்பேத்கர் அதை ஆதரித்துப் பேசினார். இச்சுமையின் பெரும்பகுதி அரசைச் சார்ந்தது, எனினும் பெண்ணின் உழைப்பால் ஆதாயம் காணும் முதலாளியும் அதில் பங்கேற்க வேண்டும் என்பது அவர் வாதம். 1929இல் பம்பாயிலும், 1934இல் சென்னை மாகாணத்திலும் சட்டம் வந்தது. நாடு முழுமைக்குமான சட்டம் 1961இல்தான்.

அதன் பின்னரும் வழக்காடவேண்டியிருந்தது. ஆனைமலைப் பகுதித் தேயிலைத் தோட்டம் ஒன்றில், 12 வார விடுப்புக்கு 72 நாள் கூலியே கொடுத்தனர், ஞாயிற்றுக்கிழமைகளைக் கழித்துவிட்டனர். 84 நாளுக்கும் கூலி வேண்டும் என்று அந்தத் தொழிலாளப் பெண் கோவைத் தொழிலாளர் நீதிமன்றம் சென்றார். 1977இல் உச்ச நீதிமன்றம், வாரம் என்றால் ஏழு நாள்தான் என்று அவர் பக்கம் தீர்ப்பளித்தது. தூத்துக்குடியில் ஓய்வுநாள் கேட்டு நின்றவர்களையும் அந்த ஓய்வுநாளுக்குக் கூலி கேட்ட இப்பெண்ணையும் சேர்த்தே நாம் நினைக்க வேண்டும்.

புதிதாகச் சேர்ந்தவருக்கு உண்மையான தடை வேறொன்று. பிரசவ நாளுக்கு முந்தைய 12 மாதங்களில் அந்த நிறுவனத்தில் குறைந்தது இத்தனை நாள் வேலை செய்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. முதலில் அது 160 நாள். 1988ஆம் ஆண்டுத் திருத்தம் 80 ஆக்கியது. 2020இன் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பிலும் அதே 80தான். பிரசவத்துக்கு 16 வாரம் இருக்கையில் சேர்ந்த பெண்கூட, வாரம் 6 நாள் வீதம் 14 வாரம் உழைத்தால் 84 நாள் ஆகிவிடுகிறது. 2017 முதல் முதலிரு பிள்ளைகளுக்கு விடுப்பு 26 வாரம். பிரசவத்துக்கு முன் அதில் 8 வாரம் வரை எடுக்கலாம். விடுப்பில் இருக்கையில் வேலையைவிட்டு நீக்குதல் சட்டவிரோதம். கோரிக்கையை எழுத்தில் கொடுத்து, நகலையும் வைத்துக்கொள்ளுங்கள்.

தந்தையருக்கோ தனியார் துறையில் இத்தகைய சட்டம் இல்லை. மத்திய அரசின் ஆண் ஊழியர்களுக்கு 15 நாள் உண்டு. மற்றவர்கள் தத்தம் நிறுவன விதியைக் கேட்டறிய வேண்டியதுதான். இதைக் கேட்பதற்கு நாணுவோரைக் கண்டால் நமக்கு உஸ்மான் (ரலி) அவர்களின் நினைவு வருகிறது. மனைவி ருகையா (ரலி) நோயுற்றிருந்ததால் பத்ருப் போருக்குச் செல்லாமல் மதீனாவில் தங்குமாறு நபி (ஸல்) அவர்களே பணித்தார்கள். போரில் நின்றவருக்குரிய கூலியும் பங்கும் அவருக்கு உண்டு என்றும் அறிவித்தார்கள்.

வீட்டிலிருந்தே தீப்பெட்டி வேலை செய்யும் பெண்களுக்கு விடுப்புக் கேட்க முதலாளி என்று ஒருவர் இல்லை. அவர்கள் ஏழைக் குடும்பத்தினராயின், தமிழக அரசின் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி முதலிரு பிரசவங்களுக்கு உண்டு. கருவுற்றதை ஆரம்ப சுகாதார நிலையத்தில் காலத்தே பதிவு செய்ய வேண்டும்.