பட்டம் பெறாத ஆய்வேடு: அன்னா மணி

பெங்களூரு இராமன் ஆய்வு நிறுவனத்தின் நூலகத்தில், கட்டடம் செய்யப்பட்ட ஆய்வேடுகளுக்கிடையே அன்னா மணியின் ஆய்வேடும் இடம்பெற்றுள்ளது. அதற்குப் பட்டம் வழங்கப்படவில்லை என்பதை, புரட்டிப் பார்ப்பவர் அறிய வழியில்லை.

1918-இல் திருவிதாங்கூரின் பீர்மேட்டில் பிறந்த அன்னா மணி, சென்னை மாநிலக் கல்லூரியில் ஆனர்ஸ் முடித்து, 1940-இல் உதவித்தொகை பெற்று இந்திய அறிவியல் கழகத்தில் சி. வி. இராமனின் ஆய்வகத்தில் சேர்ந்தார். எட்டாம் பிறந்தநாளுக்குக் குடும்ப வழக்கப்படி வந்த வைரத் தோட்டை மறுத்துக் கலைக்களஞ்சியம் கேட்டவர் என்பர். ஆய்வகத்தில் அவர் கைக்கு வந்தவையோ 30-க்கும் மேற்பட்ட வைரங்கள்! அவற்றின் ஒளிர்வு மிக மங்கலானது. நிறமாலையைப் பதிவு செய்ய ஒளிப்படத் தகட்டை 15 முதல் 20 மணி நேரம் வரை ஒளியில் வைத்திருக்க வேண்டும். இரவுகள் பல அங்கேயே கழிந்தன. 1942-க்கும் 1945-க்கும் இடையே அவர் ஒருவரே ஆசிரியராக ஐந்து ஆய்வுக்கட்டுரைகள் வெளிவந்தன.

கழகத்துக்கு அப்போது பட்டம் வழங்கும் அதிகாரம் இல்லாமையால், 1945 ஆகஸ்டில் ஆய்வேடு சென்னைப் பல்கலைக்கழகத்திற்குச் சென்றது. முதுநிலைப் பட்டம் இல்லாதவருக்கு முனைவர் பட்டம் இல்லை என்று விடை வந்தது.

விதி ஆண், பெண் என்று பேசவில்லை. ஆகவே இதனை வெறும் விதியின் கதையாகச் சுருக்கிவிடுதல் எளிது. அவ்விதி இயங்கிய சூழலையும் சேர்த்தே படிக்க வேண்டும். 1933-இல் இதே கழகத்தில் கமலா பாகவத்தைச் சேர்க்க மறுத்த இராமன், அவர் விடாப்பிடியாக நின்ற பின்னரே ஓராண்டுச் சோதனைக் காலம் என்னும் நிபந்தனையுடன் இசைந்தார். அன்னா மணியின் காலத்திலும் ஆய்வகத்தில் ஆணும் பெண்ணும் கலந்து பேசுவதற்கு அவர் இடமளிக்கவில்லை. ஓர் ஆய்வாளர் கற்பதில் பெரும்பகுதி சக மாணவருடனான வாதத்தில் நிகழ்வது. அவ்வாயில் பெண்களுக்கு அடைபட்டிருந்தது. விதிவிலக்குகளும் பெரும்பாலும் அத்தகைய பழக்கத்தின் வழியே பிறப்பவைதாம்.

அன்னா மணியோ இதனை அநீதியாகக் கருதவில்லை. பெண் என்பதால் தம் பணியில் வேறுபாடு நேரவில்லை என்றே பிற்காலத்தில் கூறினார். அக்கூற்றை மதிக்க வேண்டும். அதனைப் பல்கலைக்கழகத்துக்கு வழங்கப்பட்ட நற்சான்றாக வாசிக்க வேண்டியதில்லை. பாதிக்கப்பட்டவர் என்னும் பெயரை ஏற்க மறுப்பதும் தன்மதிப்பின் ஒரு வடிவமே.

அதே ஆண்டு இலண்டன் இம்பீரியல் கல்லூரிக்குச் சென்றார். நாடியது இயற்பியல், கிடைத்த உதவித்தொகை வானிலைக் கருவிகளுக்கானது. 1948-இல் திரும்பி, புணேயில் இந்திய வானிலைத் துறையில் சேர்ந்தார். இறக்குமதியை நம்பியிருந்த கருவிகளை உள்நாட்டிலேயே செய்யும்பொருட்டு ஏறத்தாழ 100 கருவிகளுக்கான வரைபடங்களைத் தரப்படுத்தினார். 1957–58 பன்னாட்டுப் புவி இயற்பியல் ஆண்டில் சூரியக் கதிர்வீச்சை அளக்கும் நிலையங்களை அமைத்தார். 1976-இல் துணைத் தலைமை இயக்குநராக ஓய்வு பெற்றபின், இந்தியாவின் சூரியக் கதிர்வீச்சு பற்றி 1980-இலும் 1981-இலும் இரு நூல்களை வெளியிட்டார். இந்திய தேசிய அறிவியல் கழகத்தின் கே. ஆர். இராமநாதன் பதக்கம் 1987-இல் அவருக்கு வழங்கப்பட்டது. சென்னைக்கு ஆய்வேடு அனுப்பப்பட்டு அப்போது 42 ஆண்டுகள் ஆகியிருந்தன.