பொருள் வரியிலிருந்து இழை வரை: அலுவலகச் செய்தி வழக்கங்களின் வரலாறு

அலுவலக மின்னஞ்சலில் நல்ல வழக்கம் என்று இன்று கருதப்படுபவற்றில் பல, அமெரிக்காவின் ஆர்ப்பாநெட் வலையமைப்பில் உருவானவை. 1971இல் பிபிஎன் நிறுவனத்தின் ரே டாம்லின்சன் ஒரு கணினியிலிருந்து மற்றொன்றுக்கு வலையமைப்பின் வழியே செய்தி அனுப்பினார். ஆளின் பெயரையும் கணினியின் பெயரையும் பிரிக்க @ குறியைத் தேர்ந்தவரும் அவரே. வந்த செய்திகள் அப்போது ஒரே கோப்பில் அடுத்தடுத்துச் சேர்ந்துகொண்டே போயின. அவற்றைப் பட்டியலிட்டு, வேண்டியதை மட்டும் எடுத்துப் படிக்கும் வசதி 1972இல் லாரி ராபர்ட்ஸ் எழுதிய ஆர்டி என்ற நிரலால் வந்தது.

பட்டியல் பயன்பட வேண்டுமானால் ஒவ்வொரு செய்தியின் தலைப்பகுதியும் ஒரே அமைப்பில் இருக்க வேண்டும். 1973 செப்டம்பரில் வெளியான ஆர்.எஃப்.சி. 561 என்ற ஆவணம் அனுப்புநர், நாள், பொருள் ஆகிய வரிகளுக்கு ஒரு வடிவம் தந்தது. அதை எழுதிய நால்வரில் டாம்லின்சனும், கான்பூர் ஐ.ஐ.டி.யில் பயின்ற அபய் பூஷணும் இருந்தனர். 1977இல் வந்த ஆர்.எஃப்.சி. 733, பெறுநர், நகல், மறைநகல், எந்தச் செய்திக்கான பதில் என்பன போன்ற வரிகளை வரையறுத்தது. இவற்றில் நகல், கார்பன் தாள் வைத்துத் தட்டச்சு செய்த அலுவலகக் குறிப்புகளிலிருந்து வந்தது. எந்தச் செய்திக்கான பதில் என்று காட்டும் வரி, தமிழக அரசுக் கடிதங்களில் ‘பார்வை’ என்ற பகுதி செய்யும் வேலையைச் செய்தது. யார் செயல்பட வேண்டும், யார் அறிந்தால் போதும், விஷயம் என்ன, முன்பு நடந்தது எது ஆகியவற்றுக்கு இவ்வாறு தனித்தனி இடம் கிடைத்தது.

தொனியை எந்த வரியாலும் கட்டுப்படுத்த முடியவில்லை. 1985இல் ராண்ட் நிறுவனத்தின் நார்மன் ஷாப்பிரோவும் ராபர்ட் ஆண்டர்சனும் எழுதிய அறிக்கை, ஒரு செய்தியில் ஒரே பொருளைப் பேசவும், கோபத்தில் பதில் எழுதாதிருக்கவும், அனுப்பியது அழியாது என்று எண்ணி எழுதவும் அறிவுறுத்தியது. இன்டெல் நிறுவனத்தின் சாலி ஹாம்பிரிட்ஜ் தொகுத்த ஆர்.எஃப்.சி. 1855 அக்டோபர் 1995இல் வந்தது. முழுவதும் ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் எழுதுவது கத்துவதற்குச் சமம், அஞ்சலட்டையில் எழுதத் தயங்குவதை மின்னஞ்சலிலும் எழுதக் கூடாது என்பன அதன் விதிகளில் சில.

இந்த ஆவணம் அஞ்சலோடு நிற்கவில்லை. இருவர் ஒரே நேரத்தில் தட்டச்சு செய்து உரையாடும் ‘டாக்’ என்ற வசதிக்கும் அதில் ஒரு பகுதி உண்டு. நிறுத்தக்குறிகளை முறையாக இடுவது போன்ற பழைய விதிகள் அங்கும் தொடர்ந்தன. விடைபெற்ற பிறகே உரையாடலை முடிக்க வேண்டும் என்பதும், இப்படி அழைப்பது எதிரில் இருப்பவரின் வேலையில் குறுக்கிடுவது என்பதும் புதிதாகச் சேர்ந்தன. மின்னஞ்சல் பெற்றவர் தமக்கு வசதியான நேரத்தில் படிக்கலாம். அரட்டையோ உடனே பதில் கேட்கும். பின்னர் வந்த சிக்கல்களில் பல இந்த வேறுபாட்டிலிருந்து பிறந்தவை.

1988இல் பின்லாந்தின் யார்க்கோ ஓய்காரினென் உருவாக்கிய ஐஆர்சி என்ற அரட்டை வசதி, உரையாடல்களைச் சேனல்களாகப் பிரித்தது. 2014 பிப்ரவரியில் பொதுப் பயன்பாட்டுக்கு வந்த ஸ்லாக் என்ற அரட்டைச் செயலி அந்த அமைப்பை அலுவலகத்துக்குள் கொண்டுவந்தது. செய்திகள் குறுகின, பொருள் வரி மறைந்தது. ஆனால் அது செய்த வேலையைச் சேனலின் பெயர் ஏற்றது. பெறுநர் வரிக்குப் பதிலாக @ குறியுடன் பெயர் வந்தது. எதற்கு எது பதில் என்பது தெரியாமல் உரையாடல்கள் கலந்துபோன நிலையில், 2017 ஜனவரியில் ஸ்லாக், ஒரு செய்திக்கான பதில்களை ஒன்றாகத் தொகுக்கும் இழைகளை அறிமுகப்படுத்தியது. அதே ஆண்டு மார்ச்சில் பரவலாகக் கிடைத்த மைக்ரோசாஃப்ட் டீம்ஸ், சேனல் உரையாடல்களில் பதில்களை மூலச் செய்தியின் கீழேயே அடுக்கியது.

எல்லா வழக்கமும் அப்படியே பெயரவில்லை. பெயர் திரையில் தெரிவதால் கையொப்பம் தேவையற்றதாயிற்று. வணக்கம் மட்டும் அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பது அரட்டையில் தொல்லையாயிற்று. வணக்கத்தையும் கேள்வியையும் ஒரே செய்தியில் எழுதும் மின்னஞ்சல் முறையே அங்கும் ஏற்றது. ஒரு சேனல் முழுவதையும் அழைக்கும் வசதி, ‘எல்லோருக்கும் பதில்’ பொத்தானுக்குரிய அதே நிதானத்தைக் கேட்கிறது. காணொளிக் கூட்டங்களில் பொருள் வரியின் பணியை அழைப்பிலுள்ள நிகழ்ச்சி நிரலும், எழுத்துப் பதிவின் பணியைக் கூட்டக் குறிப்பும் செய்கின்றன.

எப்போது தொடர்புகொள்ளலாம் என்ற விதி சில நாடுகளில் சட்டமாகவும் ஆனது. பிரான்சில் 1 ஜனவரி 2017 முதல், 50 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்களைக் கொண்ட நிறுவனங்கள் பணி நேரத்துக்குப் பிறகு தொடர்பைத் துண்டிக்கும் உரிமை குறித்துத் தொழிலாளர் தரப்புடன் பேச வேண்டும். அந்தச் சட்டம் மின்னஞ்சலைத் தனியே பிரிக்காமல், டிஜிட்டல் கருவிகள் என்று பொதுவாகவே குறிப்பிடுகிறது.