எழுத்தில் வகுக்கப்பட்ட நகைப்பு: மேடலின் பியூவின் தொலைக்காட்சிப் பங்களிப்பு

முன்னுரை

அமெரிக்கத் தொலைக்காட்சி நகைச்சுவை வரலாற்றில் நடிகை லூசில் பால் பெறும் இடம் யாவரும் அறிந்தது. அவர் நடித்த 'ஐ லவ் லூசி' தொடர் 1951 அக்டோபர் 15 அன்று சி.பி.எஸ். அலைவரிசையில் தொடங்கி, 1957 வரை ஆறு பருவங்கள் ஒளிபரப்பாயிற்று. அத்தொடரின் உடல்வழி நகைச்சுவை, நடிகையின் இயல்பான திறனாகவே பெரிதும் பேசப்படுகிறது. அந்நகைச்சுவை முன்னரே எழுத்தில் வகுக்கப்பட்டது என்பதையும், வகுத்தோருள் ஒருவரான மேடலின் பியூவின் (1921–2011) பங்கு மறைந்து போனதற்கான காரணங்களையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

வானொலிப் பயிற்சி

இண்டியானாபொலிஸ் நகரில் பிறந்த பியூ, இந்தியானா பல்கலைக்கழகத்தில் இதழியல் பயின்று, உள்ளூர் வானொலி நிலையத்தில் எழுத்தாளரானார். இரண்டாம் உலகப்போரில் ஆடவர் பலர் படைக்குச் சென்றமையால் ஏற்பட்ட பணியிடங்கள் அக்காலப் பெண்களுக்கு வழிவிட்டன. பின்னர் லாஸ் ஏஞ்சலிஸ் சென்ற பியூ, சி.பி.எஸ். வானொலியில் பாப் கேரோலைச் சந்தித்தார். அக்கூட்டணி அரை நூற்றாண்டுக்கு மேல் நிலைத்தது.

லூசில் பால் நடித்த 'மை ஃபேவரிட் ஹஸ்பண்ட்' வானொலித் தொடருக்கு எழுத இருவரும் விரும்பினர், நேரமில்லை. எனவே தாம் அப்போது எழுதிவந்த நிகழ்ச்சியின் நாயகரான ஸ்டீவ் ஆலனுக்கே பணம் கொடுத்து, ஒரு வாரம் அவருடைய நிகழ்ச்சியை அவரையே எழுதச் செய்தனர். அவ்வாரத்தில் எழுதிய பிரதி அவர்களுக்கு அத்தொடரில் இடம் பெற்றுத் தந்தது. அதன் தலைமை எழுத்தாளர் ஜெஸ் ஓப்பன்ஹைமருடன் இவ்விருவரும் பின்னர் தொலைக்காட்சிக்கு வந்தனர். 'ஐ லவ் லூசி'யின் முதல் நான்கு பருவங்களை இம்மூவரே எழுதினர். மூவருள் பெண் பியூ ஒருவரே.

'கறுப்புப் பகுதி'

நடிகர் செய்ய வேண்டிய செயல்கள் பிரதியில் பெரிய எழுத்துகளில் தட்டச்சிடப்பட்டன. அடர்ந்து கறுத்துத் தோன்றிய இக்குறிப்புகளை எழுத்தாளர்கள் 'கறுப்புப் பகுதி' என்றனர். 1952 செப்டம்பர் 15 அன்று ஒளிபரப்பான 'ஜாப் ஸ்விட்சிங்' பகுதி இதற்குத் தக்க சான்று. மிட்டாய்த் தொழிற்சாலையில் நகரும் பட்டையின் வேகம் கூடக்கூட, லூசியும் எத்தலும் சாக்லேட்டுகளை வாயிலும் சட்டையிலும் தொப்பியிலும் திணிக்கின்றனர். ஒவ்வொரு செயலும் முந்தையதன் விளைவாக எழுவதால், மிகையான முடிவும் நம்பத்தக்கதாகிறது. இப்படிநிலை அமைப்பு எழுத்தின் பணியாகும்.

ஒரு பெண்ணால் அச்செயலைச் செய்ய இயலுமா என்பதைப் பியூ தாமே செய்து பார்த்தார். ஒற்றைச்சக்கர வண்டியை ஓட்டிப் பார்த்துச் சுவரில் மோதியபின் அக்கருத்து கைவிடப்பட்டது. ஊமைப்பட மரபில் பெரிதும் ஆடவருடையதாக இருந்த செயல்வகை நகைச்சுவை, இங்கு ஒரு பெண்ணின் உடலால் சோதிக்கப்பட்டு மற்றொரு பெண்ணின் உடலுக்காக எழுதப்பட்டது.

மறைவின் காரணங்கள்

முதற்காரணம், எழுத்தின் வெற்றியே. நன்கு எழுதி ஒத்திகை பார்க்கப்பட்ட செயல், அந்நொடியில் தோன்றியதாகவே பார்வையாளருக்குப் படுகிறது. இரண்டாவது, பெயர் மாற்றம். திருமணங்களை ஒட்டி இவர் பெயர் மேடலின் பியூ, மேடலின் மார்ட்டின், மேடலின் டேவிஸ் என மூன்று வடிவங்களில் எழுத்தாளர் பட்டியல்களில் இடம்பெற்றது. பாப் கேரோலின் பெயரோ மாறவில்லை. பட்டியல்களைப் பெயர்வழியே தொகுப்பவருக்கு ஓர் ஆடவரின் தொடர்ச்சியான பணியும் மூன்று பெண்களின் சிதறிய பணிகளும் தென்படும்.

கூட்டாக எழுதப்பட்ட பிரதியில் ஒருவரின் பங்கைத் தனித்துச் சொல்வது பொருந்துமா என்னும் வினா எழலாம். தனி வரிகளுக்கு உரிமை கோருவது இக்கட்டுரையின் நோக்கமன்று. 'தி லூசி ஷோ', 'ஹியர்ஸ் லூசி', 1986இல் வெளிவந்த 'லைஃப் வித் லூசி' ஆகிய தொடர்களிலும் இக்கூட்டணி எழுதியது. நாயகியின் நகைச்சுவையோடு இத்தனை ஆண்டுகள் இணைந்திருந்த எழுத்தை, நடிப்பின் துணைப்பொருளாகக் கருத இயலாது.

முடிவுரை

பியூ 2005இல் 'லாஃபிங் வித் லூசி' என்னும் தன்வரலாற்று நூலைக் கேரோலுடன் இணைந்து வெளியிட்டார். தலைப்பிலும் நடிகையின் பெயரே முன்நிற்கிறது. நிகழ்கலை வரலாற்றை எழுதுவோர் திரையில் தெரியும் உடலோடு நின்றுவிடாமல், அதனை இயக்கிய பிரதியையும் நோக்க வேண்டும். பெண் எழுத்தாளர்களைத் தேடும்போது, அவர்களின் எல்லாப் பெயர்களையும் ஒருங்கிணைத்துத் தேடுவது ஆய்வின் முதற்படியாக அமைதல் வேண்டும்.