பார்க்கச் சொன்ன கண்கள்

1960-ல் பிரெஞ்சு ராணுவம் அல்ஜீரியாவில், விடுதலைப் படைக்கும் கிராமத்து ஜனங்களுக்கும் உள்ள தொடர்பை அறுப்பதற்காக, ஜனங்களை ஊரோடு பெயர்த்துக் காவலுள்ள குடியிருப்புகளில் வைத்திருந்தது. ஒவ்வொருவருக்கும் அடையாள அட்டை, அட்டைக்குப் புகைப்படம். கட்டாய ராணுவ சேவையில் வந்திருந்த மார்க் கராஞ்ஜே என்ற பிரெஞ்சு இளைஞரிடம் இந்த வேலை விழுந்தது. வெள்ளைச் சுவரின் முன் பெண்களை ஒவ்வொருவராக உட்காரவைத்து, பத்து நாட்களில் சுமார் 2000 பேரைப் படமெடுத்தார். முகத்திரையை விலக்கச் சொன்னது தளபதியின் உத்தரவு. 1982-ல் இப்படங்கள் புத்தகமாயின.

தன்னைக் காட்டாமலே பார்க்கிற பெண் ஆள்பவனுக்கு எரிச்சலூட்டுகிறாள் என்று 1959-ல் ஃப்ரான்ஸ் ஃபனான் எழுதினார். அதற்கு முந்தைய ஆண்டு, 1958 மே மாதம், அல்ஜியர்ஸில் பெண்களின் முகத்திரையைப் பொது இடத்தில் அகற்றுவது ஒரு சடங்காகவே நடந்திருந்தது. கராஞ்ஜேயின் காமிரா அந்தச் சடங்கின் தொடர்ச்சி.

அடையாளப் படத்தின் இலக்கணம் எனக்குப் பரிச்சயம். ஒட்டிய படத்தையும் கவுண்டருக்கு எதிரே நிற்கிற ஆளையும் மாறிமாறிப் பார்ப்பது என் உத்தியோகத்தில் ஒரு பகுதி. கண் மூடியிருந்தால் படம் செல்லாது. வேறெங்கோ பார்த்தாலும் செல்லாது. அதிகாரம் முகத்தோடு திருப்தியடைவதில்லை, தன்னை நேராகப் பார்க்கவும் சொல்கிறது. கராஞ்ஜே படங்களின் முரண் இங்கேதான். முகத்தைப் பறித்த உத்தரவே, பறித்தவனை வெறித்துப் பார்க்கவும் வழி செய்துவிடுகிறது. அந்தப் பெண்களில் பலர் அப்படித்தான் பார்க்கிறார்கள்.

இதை மௌன எதிர்ப்பு என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. படமெடுத்தவரின் கருத்தும் அதுவே. எனக்கு இதில் முழுச் சம்மதமில்லை. கோபம் தெரிகிறது; அவமானம் இருக்கலாம், பயம் இருக்கலாம், வெறும் அலுப்பும் இருக்கலாம். 2000 பேரின் பார்வைக்கு ஒரே சொல்லை ஒட்டுவது அட்டை தயாரிக்கிறவனின் காரியம். விமர்சகன் அதைச் செய்யலாகாது.

தவிர, அந்தப் பார்வை நமக்கு உரியதல்ல. எதிரே நின்ற ஒரு சிப்பாய்க்கு உரியது. அல்ஜீரியா 1962-ல் விடுதலை பெற்றது. 2004-ல் கராஞ்ஜே அங்கே திரும்பிப் போய், அந்தப் பெண்களில் சிலரைத் தேடிக் கண்டார். கண்ணுக்குக் கண் நேராவது இருவருக்கிடையே நடக்கிற விஷயம்; அந்த இருவருக்கு அதைத் தொடர ஒரு சந்தர்ப்பம் கிடைத்தது. நாமோ மூன்றாம் ஆட்கள். அந்த நினைப்போடு இப்படங்களின் முன் நிற்பதுதான் நம்மால் ஆகிற குறைந்தபட்ச மரியாதை.